4 வயசு பையனுக்கு தினமும் மல்டிவைட்டமின் குடுக்கலாமா, எத பாத்து வாங்கறது?

பையனுக்கு 4 வயசு, எடை 14 கிலோ, சோத்த பாத்தாலே ஓடறான், பால் மட்டும் ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் வரைக்கும் போகுது, பக்கத்து வீட்டுல அவங்க பொண்ணுக்கு கம்மீஸ் (மிட்டாய் மாதிரி மெல்லற வைட்டமின்) குடுக்கறாங்க, நான் 5 மாசம் முழுகாம இருக்கேன் தட்ட தூக்கிட்டு அவன் பின்னாடி ஓட முடியல, நல்ல மல்டிவைட்டமின் ஒண்ணு சொல்லுங்க, எத்தன மாசம் குடுக்கணும்னு கேட்டிருக்கீங்க. நான் டாக்டர் இல்லங்க, பார்மசிஸ்ட். 16 வருஷமா மெடிக்கல் ஷாப் கவுண்டர்ல நிக்கறேன், இதே கேள்விய வாரத்துக்கு நாலு பேராவது கேக்கறாங்க, அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன், பொறுமையா படிங்க.

பையன் சிரப்ப பத்தி பேசறதுக்கு முன்னாடி நீங்க கேக்காத ஒண்ண சொல்லிடறேன். 5 மாசம்னா உங்களுக்கு ஆஸ்பத்திரில சிவப்பு சத்து மாத்திரை குடுத்திருப்பாங்க, தினமும் ஒண்ணு வீதம் 180 நாளைக்கு. அந்த அட்டை இப்ப வீட்டுல எங்க இருக்கு? டிவி மேலயா, தலகாணி பக்கத்துலயா, ஹேண்ட்பேக்லயா? அது ஒவ்வொண்ணுலயும் 60 மில்லிகிராம் இரும்பு இருக்கு. சின்னக் குழந்தைக்கு எடைல கிலோவுக்கு 20 மில்லிகிராம தாண்டினாலே விஷமா வேலை செய்ய ஆரம்பிச்சிடும், 60 தாண்டினா உயிருக்கே ஆபத்து. 14 கிலோ பையனுக்கு கணக்கு போட்டு பாருங்க, 5 மாத்திரை முழுங்கினாலே முதல் கோட்ட தாண்டிடறான், 14 முழுங்கினா ரெண்டாவது கோட்டுக்கு வந்துடறான். பாக்க ஜெம்ஸ் மிட்டாய் மாதிரி கலரா வழவழன்னு இருக்கும். 2023ல நீலகிரி மாவட்டத்துல ஒரு ஸ்கூல்ல பிள்ளைங்க யாரு நிறைய சாப்பிடறான்னு போட்டி போட்டு சத்து மாத்திரைய முழுங்கி ஒரு பொண்ணு இறந்தே போச்சு, அவங்க விவரம் தெரிஞ்ச வயசு பிள்ளைங்க, உங்க பையனுக்கு 4 வயசு தான். இன்னிக்கே அத எடுத்து அவன் நாற்காலி போட்டு ஏறினாலும் எட்டாத இடத்துல, முடிஞ்சா பூட்டி வைங்க. எப்பவாவது முழுங்கிட்டான்னு சந்தேகம் வந்தா கூட வாந்தி எடுக்க வைக்காதீங்க, அட்டைய கையில எடுத்துட்டு நேரா ஆஸ்பத்திரி போங்க இல்ல 108 கூப்பிடுங்க. இதுல ஏமாத்தற விஷயம் என்னன்னா முதல்ல வாந்தி பேதி வரும், அப்புறம் சில மணி நேரம் குழந்தை நல்லா ஆன மாதிரி தெரியும், சரியாயிடுச்சுன்னு வீட்டுலயே வச்சுக்குவாங்க, உள்ளுக்குள்ள ஈரல் கெட்டுட்டு இருக்கும்.

சரி இப்ப பையனுக்கு வரேன். 14 கிலோ 4 வயசுக்கு ஒல்லி தான், ஆனா ஆம்பளப் பிள்ளைங்களுக்கு இந்த வயசுல நடுத்தரம் 16 கிலோ கிட்ட, 12.7க்கு கீழ போனா தான் எடை குறைவுன்னு சார்ட்ல சொல்லுவாங்க, அதனால 14ங்கறது கோட்டுக்குள்ள தான் இருக்கு. முதல் வருஷத்துல பிறந்த எடை மூணு மடங்கா ஆகுது, ரெண்டு வயசுக்கு மேல வருஷத்துக்கே ரெண்டு கிலோ தான் ஏறும், வளர்ற வேகம் குறையறப்ப பசியும் குறையும். இத யாரும் அம்மாங்களுக்கு சொல்லறதில்ல. ஒரு வயசுல நல்லா சாப்பிட்ட புள்ள இப்ப சாப்பிடலையேன்னு பயந்து, மாமியாரும் பக்கத்து வீடும் புள்ளைய கவனிக்கலன்னு சொல்லி சொல்லி, கடைசில சிரப் கேட்டு கடைக்கு வர்றாங்க. உங்க மேல தப்பு இல்லம்மா, முதல்ல அத மனசுல இருந்து இறக்கி வைங்க.

ஆனா ஒரு லிட்டர் பால், அது தான் எனக்கு உறுத்துது. ஒரு லிட்டர் பால்ல 600 கலோரி கிட்ட வருது, இந்த வயசுக்கு நாள் முழுக்கவே 1,300 சொச்சம் தான் தேவை, அப்ப பாதி வயிறு பால்லயே ரொம்பிடுது, பெறகு எப்படி சோறு இறங்கும்? அதோட பால்ல கால்சியம் இருக்கு, பி12 இருக்கு, புரதம் இருக்கு, இரும்பு மட்டும் கிட்டத்தட்ட இல்லவே இல்ல, ஒரு லிட்டருக்கு 1 மில்லிகிராம் கூட தேறாது. நம்ம நாட்டு மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் (ஐசிஎம்ஆர்) கணக்குப்படி 4லருந்து 6 வயசு வரைக்கும் தினமும் 11 மில்லிகிராம் இரும்பு சாப்பாட்டுல போகணும். பால்ல இருக்கற கால்சியம் மத்த சாப்பாட்டுல வர்ற இரும்பையும் உடம்புல சரியா சேர விடாது. இரும்பு குறைஞ்சா பசி மந்தமாகும், பசி இல்லன்னு இன்னும் கொஞ்சம் பால் குடுப்போம், இது இப்படியே சுத்தும். பால் அதிகமா குடிக்கற, சோறு சாப்பிடாத, கொஞ்சம் வெளிறின புள்ளைங்க, கவுண்டர்ல நான் அடிக்கடி பாக்கற ஜாடை இது. சுவத்து சுண்ணாம்பு சுரண்டறது, மண்ணு, சாக்பீஸ், பச்சரிசி திங்கறது இதெல்லாம் பையன்கிட்ட இருக்கான்னு பாருங்க, இருந்தா கிருமின்னு மட்டும் நினைக்காதீங்க, இரும்பு குறைவுக்கும் அது அடையாளம்.

இப்ப முக்கியமான இடத்துக்கு வரேன். நம்ம ஊரு குழந்தைங்களுக்கு பெரும்பாலும் குறையறது எதுன்னு பாத்தா இரும்பு தான். 2019-21ல எடுத்த தேசிய குடும்ப நல ஆய்வுல தமிழ்நாட்டுல 6 மாசத்துலருந்து 5 வயசுக்குள்ள இருக்கற குழந்தைங்கள்ல 57.4 சதவீதம் பேருக்கு ரத்த சோகை. நூத்துக்கு 57, அதாவது பாதிக்கு மேல. ஆனா கடைல அழகழகா டப்பா போட்டு விக்கற மல்டிவைட்டமின் சிரப்ப திருப்பி பின்பக்கம் படிச்சு பாருங்க, ஏ இருக்கும், டி3 இருக்கும், பி காம்ப்ளக்ஸ் இருக்கும், லைசின் இருக்கும், ஜிங்க் இருக்கும், நிறைய சிரப்ல இரும்பு மட்டும் இருக்காது. இரும்பு சேத்தா ருசி கெட்டுடும், உலோக வாடை அடிக்கும், புள்ளைங்க துப்பிடும். ஆக குறையறது ஒண்ணு, நாம காசு குடுத்து ஊத்தறது இன்னொண்ணு.

அந்த இரும்பு எங்க இருக்குன்னா அங்கன்வாடில, கிராம நர்ஸ் கிட்ட, ஓசியா இருக்கு. 6 மாசத்துலருந்து 5 வயசு முடியற வரைக்கும் வாரத்துக்கு ரெண்டு நாள் 1 எம்எல், அதுல 20 மில்லிகிராம் இரும்பும் 100 மைக்ரோகிராம் ஃபோலிக் ஆசிடும் இருக்கும், 2018லருந்து அனீமியா முக்த் பாரத்ங்கற பேர்ல நடக்கற திட்டம் இது. 50 எம்எல் பாட்டில கையில குடுத்துடுவாங்க. நிறைய வீட்டுல அத வாங்கி ஃப்ரிட்ஜ் கதவுல வச்சிட்டு, ஓசி மருந்து தானேன்னு ஊத்தறதே இல்ல, பெறகு கடைக்கு வந்து மல்டிவைட்டமின் கேக்கறாங்க, எனக்கு வியாபாரம் தான் ஆனாலும் மனசு கேக்காம அந்த பாட்டில் என்னாச்சுன்னு விசாரிப்பேன். உங்க வீட்டுல இருந்தா தேதி பாத்து ஆரம்பிங்க, இல்லன்னா போய் கேட்டு வாங்குங்க. காய்ச்சல், பேதி இருக்கற நாள்ல வேணாம், சரியானதும் தொடரலாம். இந்த பாட்டிலும் கைக்கு எட்டாத இடத்துல தான் இருக்கணும், ஏன்னா 50 எம்எல்ல மொத்தம் 1,000 மில்லிகிராம் இரும்பு, மேல சொன்ன கணக்கு இதுக்கும் பொருந்தும்.

பூச்சி மாத்திரையும் இதோட சேந்தது. வருஷத்துக்கு ரெண்டு தடவ அல்பெண்டசோல் 400 மில்லிகிராம் அங்கன்வாடிலயும் ஸ்கூல்லயும் குடுக்கறாங்க, ஒரு வயசுலருந்து ரெண்டு வயசுக்குள்ள இருந்தா பாதி மாத்திரை. கொக்கிப்புழு வயித்துல இருந்து ரத்தம் உறிஞ்சிட்டு இருந்தா மேல எவ்ளோ சத்து ஊத்தினாலும் ஓட்டைப் பானைல தண்ணி ஊத்தற கதை தான். அதே மாதிரி வைட்டமின் ஏ, 9 மாசத்துல தட்டம்மை தடுப்பூசியோட 1 லட்சம் ஐயூ (வைட்டமின அளக்கற அலகு), அதுக்கப்புறம் 6 மாசத்துக்கு ஒருக்கா 2 லட்சம் ஐயூ, 5 வயசு வரைக்கும் மொத்தம் 9 டோஸ். தடுப்பூசி அட்டைல பாருங்க, விடாம போட்டிருந்தா வைட்டமின் ஏவுக்காக தனியா எதுவும் வாங்க வேண்டியதில்ல.

மல்டிவைட்டமின் வாங்கறதுக்கு முன்னாடி ஒரு தடவ குழந்தை டாக்டர்கிட்ட காட்டி ஹீமோகுளோபின் டெஸ்ட் எடுத்துடுங்க, ஆரம்ப சுகாதார நிலையத்துலயே எடுப்பாங்க. இவன் வயசுக்கு 11க்கு கீழ இருந்தா ரத்த சோகை. அப்படி வந்துட்டா வாரம் ரெண்டு நாள் 1 எம்எல்ங்கறதும் போதாது, மல்டிவைட்டமின்ல இருக்கற கொஞ்சூண்டு இரும்பும் போதாது, எடைக்கு ஏத்த அளவுல தினமும் குடுக்கற இரும்பு சிரப்ப டாக்டர் எழுதுவார். அளவு நார்மலுக்கு வந்ததும் நிறுத்திடாம உடம்புல சேமிப்பு ரொம்பற வரைக்கும் இன்னும் ரெண்டு மூணு மாசம் தொடரச் சொல்வாங்க, இங்க தான் நிறைய பேர் பாதில விட்டுடறாங்க. இரும்பு ஒழுங்கா குடுத்தும் ஏறலன்னா தலசீமியா (பரம்பரையா வர்ற ரத்தக் கோளாறு) மாதிரி வேற காரணம் இருக்கலாம், அப்ப டாக்டர கேக்காம நாமளா அளவ கூட்டக் கூடாது.

இவ்ளோத்துக்கும் அப்புறமும் மல்டிவைட்டமின் வாங்கறதுன்னு முடிவு பண்ணா, வாங்கறப்ப எத பாக்கணும்னு சொல்றேன். முன்பக்கத்துல இருக்கற சிங்கம், டைனோசர், மூளை படம், உயரமா வளரும்ங்கற வாசகம் எதையும் பாக்காதீங்க. பின்பக்கத்துல எத்தன எம்எல்லுக்கு எவ்வளவுன்னு போட்டிருக்கும், அத படிங்க. ஒரு பாட்டில்ல 5 எம்எல்லுக்குன்னு இருக்கும், இன்னொண்ணுல 10 எம்எல்லுக்குன்னு இருக்கும், அதனால நம்பர மட்டும் ஒப்பிட்டா ஏமாந்துடுவோம். பி வைட்டமினும் சி வைட்டமினும் தண்ணில கரையறது, அதிகமானா பெரும்பாலும் ஒண்ணுக்குல போயிடும், மறுநாள் ஒண்ணுக்கு பளிச்சுன்னு மஞ்சளா போனா பயப்படாதீங்க, அது பி2 தான். ஏ, டி, இ, கே நாலும் கொழுப்புல கரையறது, உடம்புலயே தங்கிடும், கூடினா சேந்துகிட்டே போகும். அதுல ஏ, டி ரெண்டையும் உத்து பாருங்க. 4 வயசுலருந்து 8 வயசு வரைக்கும் வைட்டமின் ஏ ஒரு நாளைக்கு 3,000 ஐயூ தாண்டக் கூடாது, டி ஒரு நாள் தேவை 600 ஐயூ, உச்ச வரம்பு 3,000. ஒரு சிரப்ல ஏ 2,500 இருக்குன்னு வைங்க, அதோட மீன் ஈரல் எண்ணெய் (காட் லிவர் ஆயில்) மாத்திரையும் சேத்து குடுத்தா வரம்பு தாண்டிடுது, ரெண்டுமே நல்லது தானேன்னு தான் குடுக்கறாங்க. முருங்கைக்கீரைலயும் கேரட்லயும் வர்றதுக்கு இந்த பயம் வேணாம், அது உடம்பு தேவைக்கு தான் வைட்டமின் ஏவா மாத்திக்கும்.

டி பத்தி சொல்றப்ப ஒண்ணு ஞாபகம் வருது. ஒரு அம்மா, டாக்டர் சீட்டுல 60,000 ஐயூ குட்டி பாட்டில் வாரத்துக்கு ஒண்ணுன்னு எழுதியிருக்கு, அவங்க தினமும் ஒண்ணுன்னு புரிஞ்சுகிட்டாங்க. நாலு பாட்டில் வாங்கிட்டுப் போனவங்க அஞ்சாவது நாளே திரும்பி வந்து இன்னும் நாலு கேட்டப்ப தான் எனக்கு சுருக்குன்னுச்சு. 60,000ங்கறது 600ஐ வச்சு பாத்தா 100 நாள் தேவை, அத நாலு நாளா குடுத்திருக்காங்க. உடனே டாக்டர்கிட்ட அனுப்பி ரத்தத்துல கால்சியம் பாக்கச் சொன்னேன், நல்ல வேளையா ஒண்ணும் ஆகல, ஆனா அன்னிக்கு ராத்திரி எனக்கு தூக்கம் வரல, முதல் தடவ குடுக்கறப்பவே நான் வாய்விட்டு சொல்லியிருக்கணும். டி அதிகமானா கால்சியம் ஏறி வாந்தி, மலச்சிக்கல், ஓயாத தாகம், கிட்னி கோளாறு வரைக்கும் போகும். அதனால அந்த 60,000 பாட்டில, போன வருஷம் எழுதினது தானேன்னு பழைய சீட்ட காட்டி வாங்காதீங்க.

அதே மாதிரி டிராப்ஸும் சிரப்பும் ஒண்ணு இல்ல. ஒரே பேர்ல ரெண்டும் வரும், டிராப்ஸ் கெட்டியான அளவு, சொட்டுக் கணக்குல குடுக்கறது, அத சிரப்னு நினைச்சு ஸ்பூன்ல ஊத்திட்டா பல மடங்கு போயிடும். பிறக்கப் போற பாப்பாவுக்கும் இது தேவைப்படும் கேட்டுக்கோங்க, முதல் ஒரு வருஷத்துக்கு தினமும் 400 ஐயூ வைட்டமின் டி சொட்டு மருந்து எழுதுவாங்க, கடைல 1 எம்எல்லுக்கு 400ன்னும் இருக்கு 800ன்னும் இருக்கு, 400ன்னா 1 எம்எல், 800ன்னா அரை எம்எல். ஒவ்வொரு தடவ புது பாட்டில் வாங்கறப்பவும் அந்த நம்பர பாருங்க, கடைல ஒண்ணு இல்லன்னு இன்னொண்ணு மாத்திக் குடுத்திருப்பாங்க. ஒரு பாட்டில் ஃபில்லர இன்னொரு பாட்டிலுக்கு போடாதீங்க. சமையல்கட்டு ஸ்பூன் வேணவே வேணாம், ஒவ்வொரு ஸ்பூனும் ஒவ்வொரு அளவு, கூட வர்ற மூடில கோடு போட்டிருக்கும், அது இல்லன்னா ஊசி இல்லாத சிரிஞ்ச் ஒண்ணு கேட்டு வாங்கிக்கோங்க.

இன்னொண்ணு, டப்பால 14 இலக்கத்துல எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) நம்பர் இருந்தா அது உணவு சப்ளிமெண்ட் கணக்குல விக்கறது, மருந்து தயாரிப்பு லைசன்ஸ் நம்பர் இருந்தா மருந்து கணக்கு. ரெண்டுல எதுவுமே இல்லாத, ஏதோ குரூப்புல யாரோ விக்கற வளர்ச்சி பவுடர் எதையும் புள்ள வாயில வைக்காதீங்க.

கம்மீஸ் வேணாம்னு தான் சொல்வேன். பெரும்பாலும் இரும்பு இருக்காது, சர்க்கரை இருக்கும், பல்லுல ஒட்டும், சின்னப் பிள்ளைங்களுக்கு தொண்டைல மாட்டற பயமும் இருக்கு. எல்லாத்தையும் விட அது மிட்டாய் மாதிரியே இருக்கறது தான் எனக்கு பிடிக்காதது, வீட்டுல கலர் மாத்திரை இருக்கறப்ப மாத்திரைன்னா இனிக்கும்னு ஒரு 4 வயசுப் புள்ளைக்கு பழக்கி விடறது சரியில்ல. நீங்க சைவம்னா ஜெலட்டின்ல பண்ணதாங்கறதையும் பாத்துக்கோங்க, அது மிருகத்துலருந்து எடுக்கறது.

பசி டானிக்னு கேட்டு வாங்கறவங்களுக்கு, அதுல நிறைய சைப்ரோஹெப்டடின்ங்கற மருந்து தான், அலர்ஜி மருந்து அது, பக்கவிளைவா பசிய தூண்டும், கூடவே தூங்கி தூங்கி விழ வைக்கும். நிறுத்தினதும் பசியும் பழையபடி ஆயிடும். டாக்டர் ஒரு காரணத்துக்காக எழுதினா சரி, நீங்களா கேட்டு வாங்காதீங்க. பால்ல கலக்கற மால்ட் பவுடரும் மல்டிவைட்டமினுக்கு பதில் ஆகாது, ஹெல்த் டிரிங்க்னு ஒரு வகையே உணவுப் பாதுகாப்பு சட்டத்துல கிடையாது, 2024 ஏப்ரல்ல அந்த பேர்ல ஆன்லைன்ல விக்காதீங்கன்னு மத்திய அரசே சொன்னுச்சு. கலக்கறீங்கன்னா அதுலயும் வைட்டமின் சேத்திருக்காங்க, சர்க்கரையும் இருக்கு, ரெண்டையும் கணக்குல வைங்க.

யாருக்கு உண்மைலயே தினசரி மல்டிவைட்டமின் வேணும்னா குறைமாசத்துல பிறந்தவங்க, எடை குறைவா பிறந்தவங்க, ரொம்ப நாள் பேதி இல்ல குடல் வியாதி இருக்கறவங்க, வலிப்பு மாத்திரை சாப்பிடறவங்க, ஆட்டிசம் மாதிரி காரணத்தால ரெண்டு மூணு சாப்பாட்ட தவிர எதையும் தொடாத பிள்ளைங்க. பால், முட்டை கூட தொடாத குடும்பமா இருந்தா பி12 கண்டிப்பா தனியா வேணும், அது செடி கொடில கிடைக்காது. இவங்களுக்கெல்லாம் டாக்டர் தான் அளவு சொல்லணும். உங்க பையனுக்கு டெஸ்ட் நார்மலா வந்து, நீங்க சாப்பாட்ட மாத்தற வரைக்கும் ஒரு துணை வேணும்னு நினைச்சா, ஏ, டி ரெண்டும் ஒரு நாள் தேவைய ஒட்டி இருக்கற சாதாரண சிரப் ஒண்ணு ரெண்டு மூணு மாசம் குடுக்கலாம், அதுக்கு மேல மறுபடி டாக்டர கேட்டுட்டு தான்.

குடுக்கற நேரம், மல்டிவைட்டமின் சாப்பாட்டுக்கு அப்புறம், வெறும் வயித்துல ஜிங்க் குமட்டும். இரும்பு சிரப்ப பாலோட, டீயோட குடுக்காதீங்க, முன்ன பின்ன ரெண்டு மணி நேரம் தள்ளி, முடிஞ்சா கொஞ்சம் எலுமிச்சை ஜூஸ், கொய்யா, நெல்லிக்காயோட. நாக்குல பின்பக்கமா விட்டு அப்புறம் வாய் கொப்பளிக்க வைங்க, இல்லன்னா பல்லுல கருப்பா கறை படியும். வெளிக்கி கருப்பா போறது சகஜம்.

பால ஒரேடியா நிறுத்தாதீங்க, வீடே அழுகையா ஆயிடும். முதல் வாரம் ராத்திரி பால் மட்டும் கட் பண்ணுங்க, பால் பாட்டில்ல குடிக்கறான்னா டம்ளருக்கு மாத்துங்க, அப்புறம் வாரம் ஒரு டம்ளரா குறைச்சு அரை லிட்டர்ல கொண்டு வந்து நிறுத்துங்க, பால எப்பவும் சாப்பாட்டுக்கு அப்புறம் தான். மூணு நாலு நாள் முறுக்குவான், அஞ்சாவது நாள் பசிக்கும். அப்ப கையில முருங்கைக்கீரை போட்ட குட்டி அடை, கடலை மிட்டாய், வேகவச்ச முட்டை, அசைவம்னா வாரத்துக்கு ஒரு நாள் ஆட்டு ஈரல் ரெண்டு துண்டு, எது பிடிக்குதோ அது. தட்ட தூக்கிட்டு பின்னாடி ஓடாதீங்க, இந்த நிலமைல உங்களுக்கும் நல்லதில்ல, அவன உங்க பக்கத்துல உக்கார வச்சு நீங்க சாப்பிடுங்க, உங்க தட்டுல இருந்து எடுத்து திங்கட்டும். மாசம் ஒரு தடவ ஒரே தராசுல எடை பாத்து அட்டைல குறிங்க. ஹீமோகுளோபின் ரிசல்ட் வந்ததும் நம்பர எழுதுங்க, அதுக்கு ஏத்த மாதிரி டாக்டர்கிட்ட என்ன கேக்கணும்னு சொல்றேன்.